விடாமுயற்சி என்னும் தலைப்புச் செய்தி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாள், நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரு படம் தவறாமல் வரும். நடுவில் ஒரு மாணவி. அவள் வாயில் இனிப்பு ஊட்டும் அம்மா. கொஞ்சம் தள்ளி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும் அப்பா. 'வறுமையை வென்ற கூலித் தொழிலாளி மகள்', 'விடாமுயற்சியால் சாதித்த மாணவி' என்ற வகையில் ஒரு தலைப்பு. எங்கள் ஆரணிப் பக்கம் என்றால் 'நெசவாளி மகள்' என்று இருக்கும். ஆண்டுதோறும் ஒரே அமைப்பில், ஒரே சொற்களில் வருகிற இதைச் செய்தி என்பதைவிட ஓர் எழுத்து வகை என்றே சொல்லலாம். சிறுகதையையும் சினிமாவையும் விமர்சிக்கிற நாம் இதை மட்டும் கண் கலங்கப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தமிழில் அதிகம் பேர் படிக்கும் எழுத்து இதுதான். அதனால் இதையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.

இதன் கட்டுமானம் எளிது. முதலில் குறைகள் வரும்: ஒற்றை அறை வீடு, நோயாளித் தந்தை, தனிப்பயிற்சிக்கு வழியில்லை. அடுத்து குணங்கள்: அதிகாலை எழுந்தாள், வீட்டு வேலையும் செய்தாள், ஒரு நாளும் சோர்ந்ததில்லை. பிறகு ஆசிரியர்களுக்கு நன்றி. கடைசியில் கனவு: மருத்துவர் அல்லது கலெக்டர். குறைக்கும் குணத்துக்கும் நடுவே வரவேண்டிய ஒரு வாக்கியம் எப்போதும் விடுபட்டுப் போகும். அந்த வீடு ஏன் ஒற்றை அறையாக இருக்கிறது? நோயாளித் தந்தைக்குக் காப்பீடு ஏன் இல்லை? பொதுத்தேர்வு எழுதப்போகும் பெண் எதற்காக அதிகாலையில் எழுந்து வாசல் தெளிக்க வேண்டும்? வறுமை இந்தக் கதையில் மழை, வெயில் போல இயற்கையாக வந்து நிற்கிறது. யாரும் அதை உண்டாக்கவில்லை. அதைத் தாண்டுவது மட்டும் அவள் வேலை.

ஆரணியில் பிறந்தவளுக்கு 'விடாமுயற்சி' என்ற சொல்லைப் பார்த்தால் வேறு ஒன்று நினைவுக்கு வரும். பட்டுத்தறியில் உட்கார்ந்திருக்கிற பெண். காலைக் குழியில் தொங்கவிட்டு, மிதியை மிதித்து, நாடாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் எறிந்து, அறுந்த இழையைக் கண்ணுக்கு அருகில் பிடித்து முடிச்சுப் போடுகிறவள். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை முடிய ஒரு வாரமும் ஆகும், இரண்டு மூன்று வாரமும் ஆகும். அதற்கு முன்னால் பாவு தயாராக வேண்டும். ஒவ்வொரு இழையாகப் பழைய பாவோடு பிணைக்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். கவனம், பொறுமை, தள்ளிப்போட்ட இன்பம் என்று கல்வி உளவியலார் பட்டியலிடும் அத்தனையும் இந்த வேலையில் இருக்கிறது. விடாமுயற்சிதான் ஆளை மேலே ஏற்றும் என்றால் ஆரணியின் நெசவுத் தெருக்களில் வீட்டுக்கு ஒரு டாக்டர் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் வருமானம் வேறு கதை சொல்கிறது. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5000 ரூபாய்க்கும் கீழே. பட்டு விலை ஏறினால் முதலாளி பாவு கொடுப்பதைக் குறைப்பார்; தறி சும்மா நிற்கும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறும், பாவு வேலை தெருவில் நடக்காது, கூலி நின்றுபோகும். அரையாண்டுத் தேர்வு அந்த மழையை ஒட்டித்தான் வருகிறது. தை பிறந்தால் முகூர்த்தச் சேலைகளுக்கு அவசரம், மார்ச்சில் பொதுத்தேர்வு. பெண்ணின் படிப்புக் காலமும் தொழிலின் நெருக்கடிக் காலமும் இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுவதை எந்தச் சாதனைச் செய்தியிலும் நான் படித்ததில்லை.

'நெசவாளி மகள்' என்ற சொல்லையே கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். அதில் வரும் நெசவாளி யார்? படிக்கிறவர் மனதில் அப்பாதான் வருகிறார். கைத்தறித் தொழிலாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்களாக இருக்கும் நாட்டில் இது சாதாரண விடுபடல் ஆகாது. அம்மாவும் அதே தறியில் அதே நேரம் உட்கார்ந்திருப்பாள். பல வீடுகளில் சேலையின் பெரும்பகுதி அவள் நெய்ததுதான். கணக்கு நோட்டில் பெயர் அப்பாவுடையது, முன்பணம் வாங்கியதும் அவர்தான், கூலியும் அவர் கைக்கே போகும். அம்மாவின் வேலைக்கு வீட்டிலும் சங்கத்திலும் ஒரே பெயர்தான்: 'கூட உதவி'.

'உதவி' என்ற இந்தச் சொல்லுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், ஒருவர் தன் குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 2016இல் திருத்தம் வந்து, 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று ஆனபோதும், அபாயமற்ற தொழில்களில் பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு 'உதவுவது' அனுமதிக்கப்பட்டது. பட்டுத் தொழிலில் குழந்தைகள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்ததைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா. பக்கத்தில் உட்கார்ந்து அதை எறிய இன்னொரு கை வேண்டும். சின்னக் கை, கூலி குறைந்த கை. அந்த நிலைமை பிறகு வெகுவாக மாறியது. பள்ளிக்குப் போகாத பிள்ளையை இன்று எங்கள் தெருக்களில் பார்ப்பது அரிது. பள்ளி விட்டு வந்து தார் சுற்றும் பெண்ணைப் பார்ப்பது அரிதில்லை. அவள் நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் 'படிப்பில் கவனமில்லை'. தொண்ணூறு எடுத்தால் 'பெற்றோருக்கு உதவிக்கொண்டே சாதித்தாள்'. தார் சுற்றிய நேரம் ஒன்றுதான்.

நேரத்துக்கும் புள்ளிவிவரம் உண்டு. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த 97 நிமிடமும் வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரிதான். நான்கில் மூன்று ஆண்கள் அந்த நாளில் வீட்டு வேலை எதையும் தொடவேயில்லை. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் பொதுத்தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே வறுமை, ஒரே ஒற்றை அறை. ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் அவர்கள் கையில் இருக்கும் நேரம் ஒன்றல்ல. வறுமை என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். அக்கா பத்தாவது முடித்ததும் இரண்டாவது தறியில் உட்கார்ந்தாள். அவள் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஜரிகைக் கணக்கைத் தாள் இல்லாமலே போடுவாள். நான் பன்னிரண்டாவதில் பள்ளியில் முதலாவதாக வந்தபோது ஒரு நாளிதழில் நான்கு வரி வந்தது. 'நெசவாளி மகள்', 'கடின உழைப்பு' இரண்டும் அதில் இருந்தன. அக்கா இல்லை. அந்த இரண்டு வருடமும் சாயங்காலம் நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தால், "நீ உக்காருடி, தார நான் சுத்திக்கிறேன்" என்பாள். எனக்கு மிச்சமான மணி நேரங்கள் எல்லாம் அவளிடமிருந்து வந்தவை. என்னுடையது விடாமுயற்சி என்றால் அவளுடையதற்கு என்ன பெயர்? அவள் கைவிடாமல் செய்த வேலைக்கும் நான் கைவிடாமல் செய்த வேலைக்கும் இருந்த வேறுபாடு ஒன்றுதான்: என்னுடையதற்கு மதிப்பெண் பட்டியல் உண்டு.

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலருக்கு வீட்டில் இப்படி ஓர் அக்கா இருக்கிறாள், அல்லது பின்னலாடை கம்பெனிக்கோ காலணி கம்பெனிக்கோ போகிற ஒரு தங்கை இருக்கிறாள். ஏழை வீடுகளில் ஒரு பெண்ணைப் படிக்க வைக்க இன்னொரு பெண்ணின் காலம் செலவாகிறது. அண்ணன் தம்பிகளின் காலம் அவ்வளவு சுலபமாகச் செலவாவதில்லை. சாதனைச் செய்தி ஒருத்தியை மட்டும் வெட்டி எடுத்துப் படம் போடுவதால் இந்தக் கொடுக்கல் வாங்கல் மறைந்துபோகிறது.

இந்த வகை எழுத்துக்கு இப்போது உலக அளவில் ஒரு சாஸ்திரமும் கிடைத்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் 2016இல் எழுதிய 'க்ரிட்' என்ற நூல், வெற்றிக்குத் திறமையைவிட ஆர்வமும் விடாமுயற்சியும் முக்கியம் என்றது. நம் ஊர்த் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அதைப் பள்ளி ஆண்டு விழா மேடைகளில் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்த இன்னொரு கதை மிட்டாய்ச் சோதனை: கண் முன்னே இருக்கும் மிட்டாயைத் தின்னாமல் காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் நன்றாகப் படிக்கும் என்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாக மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து வால்டர் மிஷல் நடத்திய சோதனை அது. 2018இல் டைலர் வாட்ஸும் இன்னும் இருவரும் 900க்கு மேற்பட்ட, பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகளின் தரவை வைத்து அதைத் திரும்பப் பார்த்தார்கள். வீட்டுச் சூழலையும் சிறுவயதுத் திறன்களையும் கணக்கில் சேர்த்ததும், காத்திருப்புக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆய்வகம் தேவையில்லை. நாளைக்கும் மிட்டாய் நிச்சயம் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளை காத்திருக்கும். தருகிறேன் என்று சொன்ன கூலி பாதியாக வந்த வீட்டுப் பிள்ளை ஏன் காத்திருக்க வேண்டும்?

'தகுதி' என்ற சொல்லுக்கும் இதே வரலாறுதான். மைக்கேல் யங் 1958இல் 'தகுதியாட்சி' பற்றி எழுதியது ஒரு நையாண்டி நூல். பிறப்பால் வந்த ஆதிக்கம் மதிப்பெண் உடையைப் போட்டுக்கொண்டு திரும்பி வரும் என்று எச்சரிக்க எழுதியது. உலகம் அந்தச் சொல்லைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது. நம் சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட நூல், தலைமுறைகளாகச் சேர்ந்த சாதிச் சலுகை எப்படித் தனிமனிதத் தகுதி என்று பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதைக் காட்டுகிறது. மேல்தட்டுப் பிள்ளையின் வெற்றிக்குத் 'தகுதி' என்று பெயர். அடித்தட்டுப் பெண்ணின் வெற்றிக்கு 'விடாமுயற்சி' என்று பெயர். முதலாமவர் தமக்கு உரியதைப் பெறுகிறார். இரண்டாமவள் அதிசயம் நிகழ்த்துகிறாள். அதிசயம் என்று சொல்லும்போதே, எல்லோருக்கும் அது நடக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கதை வகையின் எல்லா விதிகளையும் நிறைவேற்றிய ஒரு பெண்ணைத் தமிழ்நாடு அறியும். அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா. தலித் குடும்பம், சுமை தூக்கும் தொழிலாளியான தந்தை, சிறுவயதிலேயே இழந்த தாய். 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. மருத்துவத்துக்கான கட் ஆஃப் 200க்கு 196.75. முந்தைய ஆண்டுகளின் முறை இருந்திருந்தால் அவளுக்கு மருத்துவ இடம் கிடைத்திருக்கும். தமிழ்நாட்டில் 2007இல் நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்ட பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே வாசலாக இருந்தது. அந்த வாசலைக் குறிவைத்தே அவள் படித்தாள். அவள் முடிக்கும் ஆண்டில் வாசல் இடம் மாறியது. வேறு பாடத்திட்டத்தைச் சார்ந்த, பணம் கட்டிப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சாதகமான நீட் தேர்வில் அவளுக்குக் கிடைத்தது 720க்கு 86. அவள் உச்ச நீதிமன்றம் வரை போனாள். ஆகஸ்ட் 22 அன்று, நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்றானது. செப்டம்பர் 1 அன்று அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதன்பின் சிலர், அவள் இன்னும் ஒரு வருடம் முயன்றிருக்கலாமே என்றார்கள். பன்னிரண்டு வருடம் முயன்றவளிடம் இன்னும் ஒரு வருடம் கேட்கும் துணிச்சலை இந்தக் கதை வகைதான் நமக்குத் தந்திருக்கிறது. அதில் முயற்சிக்கு அளவு கிடையாது. அதனால் தோற்றவள் எப்போதும் போதிய அளவு முயலாதவளே.

பிறகு நடந்ததைப் பாருங்கள். நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிகளில் படித்து மருத்துவம் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2020இல், நீட் எழுதித் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அந்த ஆண்டே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. ஒரே ஆண்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விடாமுயற்சி பல மடங்கு பெருகிவிட்டதா? அவர்களும் அவர்கள் ஆசிரியர்களும் முந்தைய ஆண்டு இருந்தபடியேதான் இருந்தார்கள். மாறியது ஒரு விதி. இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நீட் இருக்கும்வரை அநீதியின் வேர் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனாலும் விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த 400 பேர் சாட்சி.

பள்ளிக் கல்வித் துறைக்கும் இது ஓரளவு புரிந்திருந்தது. 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பது நிறுத்தப்பட்டது. எழுத்து வகை மட்டும் நிற்கவில்லை. 2023இல் திண்டுக்கல்லில் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள் 600க்கு 600 எடுத்தபோது தமிழ்நாடே மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். மகிழ வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை.

இங்கே மாணவிகள் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "எல்லாம் அமைப்புதான் என்றால் நான் படித்தது ஒன்றுமில்லையா மேடம்? படிக்காமல் இருந்துவிடலாமா?" என்று என் வகுப்பிலேயே கேட்டிருக்கிறார்கள். நீ படித்தது உன்னுடையது. அதை யாரும் பிடுங்க முடியாது. படிப்பதை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் உன் உழைப்பில் எவ்வளவு பாடத்துக்குப் போனது, எவ்வளவு பேருந்துக்குக் காத்திருப்பதிலும், தண்ணீர் பிடிப்பதிலும், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வீட்டில் வாதாடுவதிலும் போனது என்று பிரித்துப் பார். வசதியான வீட்டுப் பெண் பாடத்துக்கு மட்டும் உழைத்தால் போதும். இரண்டாவது பங்கு உன்மேல் சுமத்தப்பட்ட வரி. அதைக் கட்டி முடித்ததற்காக உன்னைப் பாராட்டுகிறவர்கள், அந்த வரியை ஏன் வைத்தார்கள் என்று சொல்வதில்லை.

வரியைக் குறைக்க முடியும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் இருந்தது திருமண உதவித் திட்டம். ஒரு பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால் அவள் கல்யாணத்துக்கு அரசு பணம் கொடுத்தது. பின்னர் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணின் பெயரில் கல்யாணச் செலவு! 2022 செப்டம்பரில் அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, மேற்படிப்பு முடியும் வரை மாதம் 1000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில். பெரிய தொகை இல்லை. ஆரணியிலிருந்து வேலூருக்கோ செய்யாற்றுக்கோ தினமும் போய்வரும் பெண்ணுக்கு அது டிபனுக்கும் ஜெராக்சுக்கும் நாப்கினுக்கும் சரியாகப் போய்விடும். ஆனால் "உன் படிப்புக்கு எங்கே போறது" என்று அப்பா ஆரம்பிக்கும்போது அவளால் பதில் சொல்ல முடிகிறது. அந்தப் பதிலைச் சொல்லும் தைரியத்துக்கு விடாமுயற்சி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. 1000 ரூபாய் என்று சொன்னால் போதும்.

ஆகவே அடுத்த மே மாதம் இந்தச் செய்திகளை வேறு மாதிரி வாசிப்போம். அவளுடைய ஒவ்வொரு குணத்துக்கும் எதிரே, யாரோ செய்யத் தவறிய ஒரு கடமையை எழுதிப் பார்ப்போம். தெருவிளக்கில் படித்தாள் என்றால் மின் இணைப்பு. பத்துக் கிலோமீட்டர் நடந்தாள் என்றால் பேருந்து. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தாள் என்றால் பெற்றோரின் கூலி. விடியுமுன் எழுந்து சமைத்தாள் என்றால் வீட்டிலுள்ள ஆண்கள். அப்படி வாசித்தால் அந்தப் பாராட்டுச் செய்தி ஒரு புகார் மனுவாகத் தெரியும். மனு என்றால் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார்: கூலியை நிர்ணயிக்கும் முதலாளி, கல்லூரி விடுதியைக் கட்டாத அரசு, தேர்வை மாற்றிய ஒன்றியம், தட்டைக் கழுவாத அண்ணன்.

எழுதும் பெண்களிடம் எனக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்களில் சிலர் பத்திரிகைகளுக்குப் போவீர்கள். அந்த நான்கு வரிகளை எழுதும் வாய்ப்பு உங்களுக்கு வரும். வெற்றி பெற்றவளைப் பேட்டி எடுத்து முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். தறியில் இருப்பவளிடமும் பேசுங்கள். ஒரு சேலைக்கு என்ன கூலி, அது யார் கைக்குப் போகிறது, நீ எந்த வகுப்போடு நின்றாய், ஏன் நின்றாய் என்று கேட்டு, அவள் சொன்னதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.